கிழங்கா, தண்டா? – முடவாட்டுக்காலைப் பார்த்து எழுதும் பாடம்

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைக்குச் சென்றவர்கள் சாலையோரக் கடைகளில் முடவாட்டுக்கால் கிழங்கைப் பார்த்திருப்பார்கள். விரல் பருமனுக்கும் மேலாக, பழுப்பு நிற மயிர் போர்த்தியது போல, ஆட்டின் கால் துண்டு ஒன்றைக் கிடத்தி வைத்தது போல இருக்கும். மேலே உள்ளதைச் சீவிவிட்டு, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துச் சூப் வைப்பார்கள். வாங்குவோருக்குச் சமைக்கும் முறை தெரியும். மூட்டுவலிக்கு நல்லது என்ற நம்பிக்கையும் உண்டு. ஆனால் அதன் இலை எப்படி இருக்கும், அது மண்ணில் முளைக்கிறதா மரத்தில் முளைக்கிறதா, பூக்குமா, காய்க்குமா என்று கேட்டால் பெரும்பாலோரிடம் பதில் இருக்காது.

மலை அடிவாரப் பள்ளி ஒன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றும் எனக்கு இந்தத் தாவரம் நல்ல பாடப்பொருளாக அமைந்தது. பாடநூலில் பெரணி என்றதும் மாணவர்களுக்கு நினைவு வருவது சுருண்ட இளம் இலையும் இதய வடிவ முன்உடலமும் உள்ள ஒரு படம். அந்தப் படத்துக்கும் சந்தையில் எடைபோட்டு விற்கப்படும் இந்தப் பொருளுக்கும் தொடர்பு உண்டு என்பது அவர்கள் அறியாதது. ஒரு தாவரத்தை அடையாளம் காண்பது என்றால் அதன் பெயரை மனப்பாடம் செய்வது அன்று. அதை நேரில் பார்க்காத ஒருவரும் நாம் எழுதியதைப் படித்து, காட்டில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஒரு திறனை வளர்ப்பதற்காக மூன்று ஆண்டுகளாக வகுப்பில் செய்துவரும் செயல்பாடுகளை இங்கே பகிர்கிறேன்.

முதல் கேள்வி: இது கிழங்குதானா?

வகுப்புக்கு உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, இஞ்சி, முடவாட்டுக்கால் ஆகிய நான்கையும் கொண்டு வாருங்கள். குழுவுக்கு ஒன்று கொடுத்து, “இதில் இலை வந்த தடம் இருக்கிறதா? வளரும் நுனி எது? வேர் எங்கிருந்து புறப்படுகிறது? மேற்பரப்பில் என்ன இருக்கிறது?” என்ற நான்கு கேள்விகளை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள். விடை சொல்ல வேண்டாம்.

உருளையின் ‘கண்’களில் மொட்டு இருப்பதையும், சர்க்கரைவள்ளியில் அப்படிக் கணுக்கள் இல்லாததையும், இஞ்சியில் வளையம் வளையமாகக் கணுக்கள் இருப்பதையும் மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். முடவாட்டுக்காலில் மேடான வட்ட வடுக்கள் தென்படும். அவை இலைகள் உதிர்ந்த இடங்கள். அடிப்பக்கத்தில் மெல்லிய கரிய வேர்கள். நுனியில் செதில்கள் மிக அடர்த்தியாகத் திரண்டிருக்கும்; அங்கேதான் வளர்ச்சி நடக்கிறது. இலையைத் தாங்கும் உறுப்பு தண்டு. ஆகவே இது கிடைமட்டமாக ஊர்ந்து வளரும் தண்டு, அதாவது மட்டநிலத்தண்டு என்ற முடிவுக்கு அவர்களே வந்துவிடுவார்கள். இஞ்சியும் மஞ்சளும் இதே வகை.

இந்த இடத்தில் ஒரு கவனம் தேவை. “அப்படியென்றால் ஊரார் கிழங்கு என்று சொல்வது தப்பு” என்று மாணவர்கள் உடனே தீர்ப்பு எழுதப் பார்ப்பார்கள். விட்டுவிடாதீர்கள். தமிழில் கிழங்கு என்பது பயன்பாட்டை வைத்து வந்த சொல்; மஞ்சளையும் நாம் கிழங்கு என்றுதான் சொல்கிறோம். மட்டநிலத்தண்டு என்பது அமைப்பை வைத்து வந்த சொல். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். இதை ஏழாம் வகுப்பு மாணவர்களே நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள்.

மயிர் அல்ல, செதில்

அடுத்து, அந்தப் ‘பழுப்பு மயிரில்’ ஒன்றை ஊசியால் பிரித்துக் கை லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். மயிர் என்று நினைத்தது தட்டையான, நுனி கூர்ந்த, மெல்லிய செதிலாகத் தெரியும். நுண்ணோக்கியில் வைத்தால் அதன் விளிம்பில் நுண்ணிய பற்களையும் காணலாம். பெரணிகளின் தண்டையும் இளம் இலைகளையும் இத்தகைய செதில்களோ மயிர்களோ போர்த்தியிருக்கும். எது இருக்கிறது, என்ன வடிவில் இருக்கிறது என்பதே பெரணி இனங்களைப் பிரித்தறியும் முக்கியப் பண்புகளில் ஒன்று.

“பார்த்தேன்” என்பதற்கும் “லென்ஸில் பார்த்தேன்” என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் உணரும் முதல் இடம் இது. ஆகவே அவசரப்படாமல் ஒரு முழுப் பாடவேளையை இதற்கு ஒதுக்குகிறேன்.

ஒரே செடியில் இரண்டு வகை இலை

தண்டைச் சந்தையில் வாங்கலாம். இலையைத் தேடித்தான் போக வேண்டும். மழைக்காலம் தொடங்கியதும் புதிய பச்சை இலைகள் வருகின்றன, கோடையில் உதிர்கின்றன. இரண்டாம் பருவத்தில் களப்பயணம் வைத்துக்கொண்டால் இலையும் முதிர்ந்த சோரஸ்களும் ஒன்றாகக் கிடைக்கும். பெரிய மரங்களின் அடிமரத்திலும் கிளைக் கவட்டிலும் பாறைகளிலும் இது தொற்றி வளரும். மரத்திலிருந்து உணவை எடுத்துக்கொள்வதில்லை. இடம் மட்டுமே பிடித்துக்கொள்கிறது. எனவே இது ஒட்டுண்ணி அன்று, தொற்றுத்தாவரம்.

செடியின் முன் நின்றதும் மாணவர்கள் முதலில் செய்வது, தண்டை ஒட்டி இருக்கும் காய்ந்த பழுப்பு இலைகளை ‘குப்பை’ என்று பிய்க்கப் போவதுதான். அதற்கு முன்பே நிறுத்தி, அந்தப் பழுப்பு இலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சருகு, மரப்பட்டைத் துகள், எறும்பு, ஈரமான கறுப்பு மட்கு, அதற்குள் பெரணியின் வேர்கள்! பாடம் முழுவதிலும் மாணவர்கள் அதிகம் பேசும் இடம் இதுதான்.

இந்தப் பெரணியில் இரண்டு வகை இலைகள் உண்டு. முதல் வகை கூட்டிலை. இதற்குக் காம்பு இல்லை. அகன்று, விளிம்பு ஆழமில்லாத மடல்களாக வெட்டுப்பட்டு, தண்டை அணைத்தபடி இருக்கும். இளமையில் பச்சையாக இருந்து விரைவிலேயே பழுப்பாகிக் காகிதம் போல விறைத்துவிடும், ஆனாலும் உதிராது. மேலிருந்து விழும் சருகுகளைக் கூடை போல ஏந்தி மட்காக்கும். மண்ணே இல்லாத கிளையில் தனக்கான மண்ணை இந்தச் செடி இப்படித்தான் சேர்த்துக்கொள்கிறது. இரண்டாம் வகை பச்சை இலை. இதற்கு நீண்ட காம்பு உண்டு; இலைப்பரப்பு நடுநரம்பை நெருங்கும் வரை ஆழமாகப் பிளந்து, நீண்ட மடல்களாக இருக்கும். உணவு தயாரிப்பதும் ஸ்போர்களைத் தாங்குவதும் இதன் வேலை.

“காய்ந்த இலை என்றால் செத்த இலை, அதனால் பயனில்லை” என்ற எண்ணம் நம் எல்லோரிடமும் ஊறியிருக்கிறது. உயிரற்றுப்போன பிறகும் ஓர் உறுப்பு செடிக்காக வேலை செய்ய முடியும் என்பதைக் காட்ட இதைவிட எளிய சான்று நம் பகுதியில் எனக்குக் கிடைக்கவில்லை.

இலையைத் திருப்புங்கள்

களத்தில் ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், இது எப்பதான் பூக்கும்?” பெரணிப் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை. “இலையைத் திருப்பிப் பார்” என்றேன்.

பச்சை இலையின் அடிப்புறத்தில் சிறு வட்டப் பொட்டுகள் வரிசையாக இருக்கும். இவையே சோரஸ்கள்; ஸ்போரகங்களின் தொகுப்புகள். நோய்ப்புள்ளி என்றோ பூச்சி முட்டை என்றோ மாணவர்கள் சொல்லக்கூடும். மறுக்க வேண்டாம், “பூச்சி முட்டை என்றால் இவ்வளவு ஒழுங்கான வரிசையில், எல்லா மடலிலும் இருக்குமா?” என்று கேளுங்கள். வரிசையை எண்ணச் சொல்லுங்கள். மடலின் நடுநரம்பிலிருந்து பக்கவாட்டில் செல்லும் இரு பெரிய நரம்புகளுக்கு இடையில் இரண்டு வரிசை சோரஸ்கள் தெரியும். இவற்றுக்கு இண்டுசியம் என்னும் மூடி கிடையாது. வரிசை எண்ணிக்கையும் மூடி இன்மையும் மிக முக்கியமான பண்புகள். இதே பேரினத்தைச் சேர்ந்த வேறு சிற்றினங்களில் சோரஸ்கள் ஒற்றை வரிசையிலோ சிதறியோ அமைந்திருக்கும்.

வகுப்பறைக்கு வந்ததும் இரண்டு சோதனைகள். ஒன்று, ஸ்போர் அச்சு: முதிர்ந்த மடல் ஒன்றை அடிப்புறம் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் வைத்து, மேலே ஒரு புத்தகத்தை இலேசாகப் பாரமாக வையுங்கள். காற்றுப் படாமல் ஓர் இரவு விட்டால், மறுநாள் தாளில் சோரஸ் வரிசைகள் பொடிக்கோலமாகப் பதிந்திருக்கும். இரண்டு, ஒரு சோரஸைச் சுரண்டித் தண்ணீர் விடாமல் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். விளக்கின் சூட்டில் ஸ்போரகத்தின் முதுகிலுள்ள தடித்த சுவர்களைக் கொண்ட செல்வரிசை நீரை இழந்து பின்னோக்கி வளையும். பிறகு கவண் போலச் சட்டென்று திரும்பி ஸ்போர்களை வீசும். நுண்ணோக்கி இல்லாத பள்ளிகளில் காகிதத்தால் மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப்பிலும் ஸ்போரகத்தைக் காணலாம்.

அச்சில் விழுந்த ஸ்போர்களை வீணாக்க வேண்டாம். கொதிநீரில் கழுவிய செங்கல் துண்டை நீர் நிறைந்த தட்டில் வைத்து, அதன் மேல் ஸ்போர்களைத் தூவி, கண்ணாடிக் குடுவையால் மூடி நிழலில் வையுங்கள். சில வாரங்களில் பச்சைப் படலம் தோன்றும். பொறுமையாகக் காத்திருந்தால் பாடநூல் படத்திலுள்ள அந்த இதய வடிவ முன்உடலம் செங்கல் மீதே வளர்ந்து நிற்கும்.

பெயர்கள் எதைப் பார்த்து வந்தன?

இத்தாவரத்தின் அறிவியல் பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா. பாலிப்போடியேசி குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியா, இலங்கை முதல் தென்கிழக்கு ஆசியா வழியாக வடக்கு ஆஸ்திரேலியா வரை காணப்படுகிறது. 1753இல் வெளியான தம் ‘ஸ்பீசிஸ் பிளாண்டாரம்’ நூலில் லின்னேயஸ் இதற்குப் பாலிப்போடியம் குவெர்சிஃபோலியம் என்று பெயரிட்டார். 19ஆம் நூற்றாண்டில் ஜான் ஸ்மித் என்பவர் இதை டிரைனேரியா என்ற பேரினத்துக்கு மாற்றினார். அதனால்தான் முழுப்பெயரை எழுதும்போது லின்னேயஸின் பெயர்ச்சுருக்கம் அடைப்புக்குறிக்குள்ளும் ஸ்மித்தின் பெயர் அதற்கு வெளியிலும் வரும். அண்மைக்கால நூல்கள் சிலவற்றில் இது அக்லேமார்ஃபா பேரினத்தின் கீழும் இடம்பெறுகிறது. பேரினம் மாறினாலும் சிற்றினப் பெயரின் வேர் மாறாமல் தொடர்வதை மாணவர்களுக்குக் காட்டுங்கள்.

குவெர்கஸ் என்பது இலத்தீனில் ஓக் மரம். ஃபோலியம் என்றால் இலை. கூட்டிலையின் மடல் விளிம்பு ஓக் இலையை ஒத்திருப்பதால் வந்த பெயர். லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்ததில்லை. தம் நாட்டில் கண்ட மரத்தோடு ஒப்பிட்டார். நம்மவர்கள் தங்களிடம் இருந்த ஆட்டோடு ஒப்பிட்டார்கள். அவர் பார்த்தது இலையை; நம்மவர் பார்த்தது தண்டை. இரு பெயர்களும் உற்றுநோக்கலில் பிறந்தவையே. “நீங்கள் பெயர் வைப்பதாக இருந்தால் எந்த உறுப்பைப் பார்த்து வைப்பீர்கள்? காரணம் என்ன?” என்று கேட்டால் தமிழ்ப்பாடத்துக்கும் இது பயன்படும். சோரஸ் வரிசையைப் பார்த்து ‘புள்ளிக்கோலப் பெரணி’ என்று ஒரு குழு பெயரிட்டது.

விவரிப்பு எழுதுதல்

இனி பாடத்தின் மையப்பகுதி. மாணவர்களின் முதல் விவரிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: “இது பெரிய செடி. இலைகள் அழகாக இருக்கும். தண்டு முடியாக இருக்கும்.” இதை அடுத்த குழுவிடம் கொடுத்து, “இதை வைத்துக்கொண்டு தோட்டத்தில் வேறு எந்தச் செடியையும் காட்ட முடியுமா?” என்று கேளுங்கள். பத்துச் செடிகளைக் காட்டிவிடுவார்கள். ‘பெரிய’ என்பதற்குப் பதில் அளவும், ‘அழகான’ என்பதற்குப் பதில் வடிவமும் தேவை என்பது அப்போது தானாகவே விளங்கும்.

தண்டு, செதில், கூட்டிலை, பச்சை இலை, நரம்பு, சோரஸ், வாழிடம் என்ற வரிசையை மாறாமல் பின்பற்றச் சொல்கிறேன். வரிசை ஒன்றாக இருந்தால்தான் இரண்டு விவரிப்புகளை ஒப்பிட முடியும். ஒன்பதாம் வகுப்புக் குழு ஒன்று, ஒரே ஒரு செடியை அளந்து, திருத்தங்களுக்குப் பின் எழுதியது இது:

“மட்டநிலத்தண்டு ஊர்ந்து வளர்வது, சதைப்பற்றுள்ளது, 2 செ.மீ. தடிமன். செதில்கள் பழுப்பு, தட்டை, நுனி கூரியவை, அடர்த்தியானவை. இலைகள் இரு வகை. கூட்டிலை காம்பற்றது, முட்டை வடிவம், 24 செ.மீ. நீளம், 17 செ.மீ. அகலம், விளிம்பு ஆழமற்ற மடல்களாக வெட்டுப்பட்டது, முதிர்ந்ததும் பழுப்பு நிறம், உதிராதது. பச்சை இலை காம்புடன் 82 செ.மீ., காம்பு மட்டும் 21 செ.மீ.; நடுநரம்புக்கு அருகில் வரை பிளந்த நீண்ட மடல்கள், நுனி கூரியவை. நரம்புகள் வலைப்பின்னல், இருபுறமும் தெளிவானவை. சோரஸ்கள் வட்டம், சிறியவை, இரு பக்க நரம்புகளுக்கு இடையே இரண்டு வரிசை, மூடி இல்லை. வாழிடம்: சாலையோர மாமரத்தின் கவடு, தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரம்.”

‘அழகு’ என்ற சொல் இதில் ஒரு இடத்திலும் இல்லை. ஆனால் இதைப் படித்தவர் அந்தச் செடியை நிச்சயம் கண்டுபிடிப்பார்.

நான்கு பெரணிகளுக்கு ஒரு திறவுகோல்

மலைப்பகுதியில் இல்லாத பள்ளிகளும் இப்பாடத்தை நடத்தலாம். பழைய கிணற்றுச் சுவர்களில் டெரிஸ் விட்டாட்டா, தோட்டத் தொட்டிகளில் நெஃப்ரோலெப்பிஸ், ஈரமான மறைவிடங்களில் அடியாண்டம் ஆகியவை பல ஊர்களில் கிடைக்கும். இவற்றோடு முடவாட்டுக்காலையும் சேர்த்து, இரண்டில் ஒன்றைத் தேர்ந்து முன்னேறும் திறவுகோல் இது:

1அ. சோரஸ்கள் இலை விளிம்பில் உள்ளன – 2க்குச் செல்க.
1ஆ. சோரஸ்கள் விளிம்பிலிருந்து விலகி உள்ளன – 3க்குச் செல்க.
2அ. காம்பு கரியது, பளபளப்பானது. மடிந்த இலைவிளிம்பு சோரஸ்களைத் தனித்தனியாக மூடியுள்ளது – அடியாண்டம்.
2ஆ. காம்பு அப்படி இல்லை. நீண்டு குறுகிய சிற்றிலைகளின் விளிம்பு நெடுகச் சோரஸ் கோடாகத் தொடர்கிறது – டெரிஸ் விட்டாட்டா.
3அ. சிற்றிலைகள் தனித்தனியாகப் பிரிந்தவை. சோரஸுக்குச் சிறுநீரக வடிவ மூடி உண்டு – நெஃப்ரோலெப்பிஸ்.
3ஆ. இலை மடல்களாகப் பிளந்தது, சிற்றிலைகளாகப் பிரியவில்லை. சோரஸுக்கு மூடி இல்லை. அடியில் பழுப்புக் கூட்டிலைகள் உண்டு – டிரைனேரியா குவெர்சிஃபோலியா.

இந்தத் திறவுகோல் இந்த நான்குக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மறவாமல் சொல்லுங்கள். ஐந்தாவது பெரணி ஒன்று கிடைத்தால் திறவுகோலை எங்கே பிரிக்க வேண்டும் என்பதையே மதிப்பீட்டு வினாவாக வைக்கலாம்.

நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ள

தொடக்கநிலை வகுப்புகளுக்கு இலையின் அடிப்புறம் தாள் வைத்து வண்ணக்குச்சியால் தேய்த்து நரம்பு வலையை எடுப்பதும், இரு வகை இலைகளை வரைவதும் போதும். 6 முதல் 8 வரை தண்டு–கிழங்கு ஒப்பீடும் அளவெடுத்தலும். 9, 10ஆம் வகுப்புகளுக்கு விவரிப்பும் திறவுகோலும். மேல்நிலை வகுப்புகளில் ஸ்போரகம், முன்உடலம், தண்டின் குறுக்குவெட்டில் வாஸ்குலக் கற்றைகளின் அமைவு வரை செல்லலாம்.

சேகரிப்பில் கவனம்

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிச் செல்வதோ செடியின் எப்பகுதியையும் எடுப்பதோ கூடாது. பள்ளி வளாகம், சாலையோரம், உரிமையாளர் இசைவு தந்த தோப்பு ஆகியவையே போதும். மரமேறுவதைத் தவிர்க்கவும். கூட்டிலைக்குள் தேள், பூரான் இருக்கலாம். குச்சியால் விலக்கிப் பார்த்த பிறகே அருகில் செல்ல வேண்டும். உலர்த்திப் பாதுகாக்க ஒரு பச்சை இலையும் ஒரு கூட்டிலையும் மட்டும் எடுத்தால் போதும். தண்டைப் பெயர்க்க வேண்டியதில்லை. தண்டுக்குக் கடையில் வாங்கிய ஒரு துண்டே வகுப்பு முழுவதுக்கும் போதுமானது.

இதைச் சொல்லும்போது மலையிலிருந்து வரும் ஒரு மாணவன், “எங்க பாட்டி நுனிய விட்டுட்டுத்தான் வெட்டும் டீச்சர்” என்றான். நுனியில்தான் வளர்ச்சி நடக்கிறது என்று லென்ஸ் வைத்து அந்த வகுப்பு கண்டறிந்ததை, அந்தப் பாட்டி கத்தி பிடித்த பழக்கத்தில் அறிந்திருக்கிறார். நுனியோடு முழுத்தண்டையும் பெயர்த்தால் மீண்டும் தளிர்க்க அங்கே எதுவும் மிஞ்சாது. கூட்டிலைகள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த மட்கும் கீழே கொட்டிப்போகும். ஸ்போரிலிருந்து புதுச்செடி உருவாகி அந்த அளவுக்கு வளர நீண்ட காலம் ஆகும். விற்பனை பெருகும் இந்நாளில் இது வாங்குவோருக்கும் தெரிய வேண்டிய செய்தி.

அதனால் விவரிப்புத் தாளில் எட்டாவதாக ஒரு வரியைச் சேர்த்திருக்கிறோம்: ‘உள்ளூர்த் தகவல் – சொன்னவர், இடம், நாள்’. மாணவர்கள் வீட்டில் கேட்டு வருவதை அங்கே எழுதுகிறார்கள். நம் பள்ளிகளைச் சுற்றியுள்ள ஒவ்வொரு தாவரத்துக்கும் இந்த எட்டு வரித் தாள் பொருந்தும். உங்கள் ஊரில் விற்பனைக்கு வரும், ஆனால் மாணவர்கள் இலையைப் பார்த்திராத ஒரு தாவரத்தைத் தேர்ந்தெடுத்து இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.